காரோட்டு டீச்சரின் மூன்றாம் அத்தியாயம்

‘மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடவும். மற்றதெல்லாம் சரி. கமலபாய்.’

கைபேசியில் இந்த ஒரு வரி வந்தபோது நான் ஈரோட்டில் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வந்த கோபத்தில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து மொழிபெயர்த்த புத்தகம். மெய்ப்பெல்லாம் திருத்தியாகிவிட்டது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த நேரத்தில் அதன் உயிரையே எடுத்துவிடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

கமலபாய் டீச்சர் கணிதப் பேராசிரியர். பிறகு கணித வரலாற்றாசிரியராக ஆனவர். எண்பதைத் தாண்டிவிட்டார். எங்களுக்குள் எழுத்து வழிப் பழக்கம்தான், நேரில் பார்த்ததில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம், இந்தத் தெற்குக் கோடியில் மனிதர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதைப் பற்றியது. அதன் மூன்றாம் அத்தியாயத்தின் நாயகர் தங்கய்யன் மேசிரி. கிணறு வெட்டி உள்ளே வட்ட வளையமாக உறை இறக்குகிற கொத்தனாருக்கு அந்தப் பக்கத்தில் மேசிரி என்று பெயர். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர், வட்டத்தின் குறுக்களவு நூற்றுப் பதின்மூன்று என்றால் சுற்றளவு முந்நூற்று ஐம்பத்தைந்து என்று, தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டைப்போல டீச்சரிடம் ஒப்பித்தாராம். பள்ளியில் நாம் சொல்லித்தரும் 22/7 அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பெரிய பெரிய பண்டிதர்கள் கண்ட எண் அது.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். வட்டம் நடத்துகிற ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குத் தங்கய்யன் மேசிரியின் கதையைச் சொல்லியிருக்கிறேன். கணக்கு என்றாலே பேதி கண்டவர்களைப்போல உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சுகூட அன்றைக்கு நிமிர்ந்து உட்காரும். டீச்சருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. நேரே போய்ச் சண்டை போடுவது என்று பையைக் கட்டிவிட்டேன்.

ஈரோட்டுக்காரிக்குப் பாலக்காடு தாண்டினாலே வெளிநாடு. டீச்சர் இருக்கும் காரோடு எனக்கு இரட்டை வெளிநாடு. தமிழ்நாட்டின் கடைசி வரைக்கும் போய், அதற்கும் ஒரு எட்டு அந்தப் பக்கம் கேரளத்துக்குள் இருக்கிறது. ரயிலில் எதிரே இருந்த அம்மாளிடம், “காரோட்டுக்கு எங்கீங்க எறங்கோணும்? நெய்யாற்றின்கரையில் எறங்கினா பஸ் இருக்குங்களா?” என்று கேட்டேன். “உண்டு, உண்டு” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. பாறசாலையைத் தாண்டவிட்டு நெய்யாற்றின்கரையில் இறங்கிய பிறகுதான், காரோடு பாறசாலைக்குப் பக்கம் என்றும் நான் வேண்டாத தூரம் வந்துவிட்டேன் என்றும் தெரிந்தது. அந்த அம்மாளும் என்னோடுதான் இறங்கினார். கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் பில்டர் காபி இருக்குமா என்று கேட்டேன். “உண்டு சேச்சி” என்று கடைக்காரர் கொடுத்தது பால் நிறையப் போட்டுத் தூள் கரைத்த ஏதோ ஒன்று. கூடவே கேட்காமலே ஒரு ரசவடை. வடை நன்றாக இருந்ததால் காபியை மன்னித்தேன்.

அடுத்தது ஆட்டோ. “காரோட்டுக்குப் போகோணுங்க. கணக்கு டீச்சர், வயசானவங்க, தனியா இருக்காங்க, வீடு தெரியுங்களா?” என்றேன். “நல்லா தெரியும் அக்கா, கேறி இரிங்க” என்றார் ஓட்டுநர். ஆட்டோ நேராக அதியன்னூருக்குப் போய், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக வைத்த ஒரு வீட்டு முன்னால் நின்றது. வெள்ளை முடியை முடிந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். “டீச்சர், நான் ஈரோட்டிலிருந்து வர்றேன்” என்றதும், “வாங்க வாங்க, இரியுங்க” என்று உள்ளே கூட்டிப்போனார். சாயா வந்தது. வாழைப்பழ பஜ்ஜிபோல ஒரு பழம்பொரியும் வந்தது. என் பயணம், என் முழங்கால் வலி எல்லாம் விசாரித்தார். நான் மெய்ப்புக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்து, மூன்றாம் அத்தியாயம் ஏன் முக்கியம் என்று கால்மணி நேரம் பேசினேன். மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டார்.

நான் இரண்டாவது பழம்பொரியை முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார். “நானும் கணக்கு டீச்சர்தான், ஹைஸ்கூலாக்கும். நீங்க தேடியது காரோட்டுல உள்ள கமலபாய் டீச்சரையாக்கும்ண்ணு தோணுது. நல்ல தூரம் உண்டு. இன்னொரு சாயா குடிச்சிட்டுப் போலாம்.”

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது. வெளியே ஓட்டுநர் அசையாமல் நின்றார். “இது அவங்க வீடில்லீங்களே” என்று கத்தினேன். “ஆனா கணக்கு டீச்சர்தானே அக்கா” என்றார். எங்கள் ஊரில் தெரியாததைத் தெரியாதுங்க என்றும், இல்லாததை இல்லீங்க என்றும் ஒரு ‘ங்க’ போட்டு இனிப்பாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். இந்த ஊரில் வெயிலில் வந்து நிற்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல நாக்கு எழாதுபோல. பிறகு ஒரு பஸ், இன்னொரு ஆட்டோ என்று காரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

கமலபாய் டீச்சர் வீட்டுக் கிணற்றங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. அதியன்னூர்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அந்த அம்மா நீங்க பறஞ்சு தீருறவரைக்கும் கேட்டுட்டு இருந்தாங்க இல்லியா?” என்றார்.

“ஆமாங்க, பழம்பொரி வேற குடுத்தாங்க.”

“அதான் எனக்கும் நடந்தது” என்றார். “முதல்ல குளிச்சு சாப்பிடுங்க. சண்டை நாளைக்குக் காலத்த போடலாம்.”

மரச்சீனியும் மத்திமீன் குழம்பும். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு எங்கள் பக்கம் ஆலைக்குப் போகிற சரக்கு. ஜவ்வரிசியாக மாறித் திரும்பி வரும். அதையே வேகவைத்துத் தேங்காயோடு மசித்து, சிவக்கச் சிவக்க மீன் குழம்பு ஊற்றித் தின்ன முடியும் என்பது இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்தது. குடிக்க இளஞ்சிவப்பாக வெந்நீர். ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சுவார்களாம். சாயம் என்று சந்தேகப்பட்டு ஒரு வாய் குடித்தேன், பிறகு ஒரு சொம்பு குடித்தேன்.

மறுநாள் காலையில் புட்டும் பயறும் பப்படமும் வைத்துக்கொண்டு டீச்சர் தன் கதையைச் சொன்னார். நான் மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுத வேண்டியிருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அப்பா வாழைக்குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். சின்னப் பள்ளிக்கூடம் தமிழில். ஐந்தாம் வகுப்பிலிருந்து மலையாளம். கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலம். அதனால் இன்றைக்கும் அவர் கூட்டுவது தமிழில், வாய்ப்பாடு சொல்வது மலையாளத்தில், நிரூபிப்பது ஆங்கிலத்தில். முடிவில்லாத தொடர்களில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் அதையே நடத்தினார். ஒருநாள் நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், ஓலைச் சுவடி ஒன்றில் தன் ஆராய்ச்சியில் வந்த அதே மாதிரி ஒரு தொடரைப் பார்த்தார். எப்போதோ வாழ்ந்த யாரோ ஒருவர் அதைச் செய்யுளாகக் கட்டி வைத்திருந்தார்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்ன முடியல்ல” என்றார் டீச்சர்.

நாற்பது வயதில் சமஸ்கிருதம் படிக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார். கணக்குக்காரர்கள், கணக்கு ஓடாமல்தான் சரித்திரத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். சரித்திரக்காரர்கள், இவளுக்கு எண் தெரியும், மனிதர்களைத் தெரியாது என்றார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி, எந்த வீட்டிலும் படுக்க இடமில்லை. மூன்று நான்கு வருஷம் சுவடிகளோடு கிடந்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓலையில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கணக்கு இருந்ததா? வீடு கட்டியவர், படகு செய்தவர், கிணறு வெட்டியவர், இவர்களெல்லாம் கணக்கு இல்லாமலா வேலை செய்தார்கள்? இரண்டு கோடை விடுமுறைகள் குடையும் நோட்டுமாக இந்த ஊர்களில் நடந்தார். அதன் பலன் மூன்றாம் அத்தியாயம். அதை வாசித்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவரைக் கூப்பிட்டன.

“அந்தத் தங்கய்யன் மேசிரியாக்கும் என்னை விமானத்துல கேற்றினது” என்றார்.

பிறகு நாற்காலியை நகர்த்திக் கிணற்றைக் காட்டினார். போன மழையில் ஒரு பக்கம் இடிந்து, புது சிமெண்டு உறைகள் இறக்கியிருந்தார்கள். உறைகளை அனுப்பியது அமரவிளையில் உறை வார்க்கும் யார்டு. மேசிரி காலமான பிறகு அதை நடத்துவது அவர் மகள் விமலா. டீச்சர் வீட்டுக் கிணறு என்பதால் லாரியோடு அவளே வந்தாளாம். இறக்கி முடித்துச் சாயா குடிக்கும்போது, பழைய வேடிக்கையைச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். டீச்சர் அவள் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லிக்காட்டினார்:

“டீச்சரே, அந்தக் கணக்க அப்பனுக்கு நானாக்கும் படிப்பிச்சுக் குடுத்தது. நீங்க முதல் தடவ வந்தப்பம், ‘நூத்திப்பதிமூணு, முன்னூத்தம்பத்தஞ்சுண்ணு பழைய கணக்கு ஏதாவது உண்டா மேசிரி’ண்ணு கேட்டியளா? அப்பன் ‘உண்டு, ஒரு ஆழ்ச்ச கழிஞ்சு வாங்க, ஓர்த்துச் சொல்லுதேன்’ண்ணு சொன்னாரா? நீங்க போனதும் என்னையக் கூப்பிட்டு, ‘மக்கா, டீச்சர் சொன்ன நம்பர் ரெண்டையும் சிலேட்டுல எழுது’ண்ணாரு. ஒரு ஆழ்ச்ச சொல்லிச் சொல்லி எனக்க வாய் வேதனிச்சுப் போச்சு.”

நான் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன். டீச்சர் தேடிப்போன எண்ணை டீச்சரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மேசிரி அதை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிக் கொடுத்திருக்கிறார். வெயிலில் நடந்து வந்த டீச்சரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பழம்பொரி கொடுப்பதைப்போல ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறார்.

“வெளியூர்க்காரி ஏமாந்தா அது வேற” என்றார் டீச்சர். “நான் இந்த ஊருக்காரியாக்கும். ‘உண்டு’ண்ணா என்ன அர்த்தம்ண்ணு அறிஞ்சவ. எனக்கு அது உண்டாகணும்ண்ணு ஆசை. அதான் கேட்டதும் நம்பிட்டேன்.”

நான் சண்டை போட வந்தவள். கொண்டுவந்த மெய்ப்புக் கட்டைப் பைக்குள்ளேயே தள்ளினேன். முப்பது வருஷம் வகுப்பில் சொன்னேனே, அந்தப் பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவேன்? அந்த வருத்தத்தை டீச்சரிடமே சொல்லிவிட்டேன். “எனக்கும் அதேதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தியாயம் போகட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் விமலாவிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்பதில் டீச்சர் உறுதியாக இருந்தார். அன்றைக்கே கிளம்பினோம்.

அமரவிளைக்குப் போன பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் ஒரு கல்யாணத்தை அலசிக்கொண்டு வந்தார்கள். பாயசம் தீர்ந்துபோனதை ஒருத்தி சொல்ல, மற்றவள், “தீரும் முன்னாலே பாத்திரத்தை மூடி உள்ளே வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது” என்றாள். டீச்சர் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, வந்த காரியம் நினைவுக்கு வந்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் யார்டு. நான்கடி, ஆறடி, எட்டடி என்று சிமெண்டு உறைகள் அடுக்கடுக்காக நின்றன. கலவை எந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய விமலா, நைட்டிமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏழெட்டு ஆட்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். தகரக் கூரை போட்ட ஆபீஸ் சுவரில் தங்கய்யன் மேசிரியின் படம். அதன் பக்கத்தில், சட்டம் போட்டு மாலை போட்டு, டீச்சரின் ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு பக்கம். மேசிரியின் பெயரின் கீழே சிவப்பு மையில் கோடு.

டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னார். விமலாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“அப்பம், தமிழ் புக்குல அப்பனுக்க பேரு காணாதா?”

“நடந்தது தப்பு மக்கா. அறிஞ்ச பின்ன அச்சடிச்சா நான் கள்ளியாவேன்.”

“உள்ளதச் சொல்லி அச்சடிச்சா அப்பன் கள்ளனாவாரு. அதான?” என்றாள் விமலா. “அவரு கள்ளத்தரமா செய்தாரு? நீங்க பொரியிய வெயிலத்து நடந்து வந்தியளு. உங்களுக்கு வேணும்ண்ணு கேட்டியளு. ஒரு ஆழ்ச்ச வேலைக்கு இடையில மனப்பாடம் செய்தாரு. இந்த வழி போறவங்க எல்லாருக்கும் இதக் காட்டுதேன் டீச்சரே. அவருக்கு எழுத்தும் தெரியாது, படிப்பும் கிடையாது. பேருண்ணு உள்ளது இதொண்ணுதான்.”

விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நேரத்திலும் எங்களுக்குச் சாயாவுக்கு ஆள் அனுப்பினாள். குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்தச் சாயாவைப்போலத் தொண்டையில் இறங்க மறுத்த எதையும் நான் குடித்ததில்லை. என்ன செய்தாலும் ஒருவருக்கு அநியாயம். அத்தியாயத்தை அப்படியே விட்டால் டீச்சர் அறிந்தே பொய் சொன்னவர் ஆவார். உண்மையை எழுதினால் மேசிரி ஏமாற்றுக்காரர். எடுத்துவிட்டால் அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை.

மூன்றாம் நாள் மதியம் எனக்கு ரயில். காலையில் டீச்சர் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். மேசிரியைப் பார்க்கப் போன கோடையில் எழுதிய நோட்டைத் தேடுகிறாராம். அதை விமலாவிடமே கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார். அவள் அப்பனைப் பற்றிய பக்கங்கள் அவளிடமே இருக்கட்டுமாம். பாச்சை உருண்டை வாசத்தோடு நோட்டு கிடைத்தது. மறுபடி அமரவிளை பஸ். மழை தூறியது. ஜன்னல் தட்டி இறங்க மறுத்ததால் என் வலது தோள் காரோட்டிலிருந்து அமரவிளை வரைக்கும் நனைந்தது.

நாங்கள் போனபோது விமலா வேலையில் இருந்தாள். “வாங்க” என்றாள். முகம் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் கையில் கயிறோடு நின்றார். கிணற்றுக்கு உறை வேண்டும் என்று வந்தவர். இந்தப் பக்கத்தில் கிணற்று வாயின் குறுக்கே கயிறு பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றையே யார்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்களாம். அளவை எழுதிக் கொண்டுவந்தால் தப்பு வரும், கயிறு தப்பாது என்பது அவர்கள் கட்சி.

உறைக்குள்ளே வைக்கும் இரும்புக் கம்பியை அந்த வட்டத்துக்கு வெட்டவேண்டும். நான் சும்மா வேடிக்கை பார்த்தேன். தரையில் கிடந்த நீளக் கம்பியின்மேல் விமலா கயிற்றை மூன்று முறை வைத்து நகர்த்தினாள். பிறகு கயிற்றைப் பாதியாக மடித்தாள், மறுபடி பாதி, மறுபடி பாதி. எட்டில் ஒரு பங்கான அந்த அரைக்கால் கயிற்றையும் வைத்தாள். அதற்குமேல் தன் இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். “இணைப்புக்கு ஒரு சாண் தனி” என்று வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

“மக்கா, விமலா. அந்த ரெண்டு விரல் எதுக்கு?”

“இது எட்டடி இல்லியா டீச்சரே. நாலடிக்கு ஒரு விரல்.”

“ஆறடிண்ணா?”

“ஒண்ணர.”

“டேப் இருக்கு இல்லியா? அதுல பாத்து வெட்டலாமே?”

“டேப்பும் உண்டு. இதாக்கும் வேகம். வெட்டினா கம்பி சரியா சேரும்.”

“யாரு சொல்லித் தந்தா?”

“அப்பன். பின்ன யாரு?”

டீச்சரின் குரல் கம்மிவிட்டது. “எனக்கிட்ட மேசிரி இதச் சொல்லவே இல்லியே மக்கா.”

“நீங்க கேக்கல்லியே டீச்சரே” என்றாள் விமலா. சண்டையாக அல்ல, நடந்ததைச் சொல்வதாகத்தான் சொன்னாள். “நீங்க கேட்டது பெரிய கணக்கு. இது கயிறு பிடிக்கிய வேலை இல்லியா?”

டீச்சர் பக்கத்திலிருந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். விமலாவின் சாக்கட்டியை வாங்கி, எதிரே நின்ற ஓர் உறையின்மேல் எழுத ஆரம்பித்தார். தமிழில் முணுமுணுத்துக் கூட்டினார், மலையாளத்தில் வாய்ப்பாடு சொன்னார். ஒரு விரல் முக்கால் இஞ்சு, நாலடி நாற்பத்தெட்டு இஞ்சு. நாலடிக்கு ஒரு விரல் என்றால் அறுபத்துநாலில் ஒரு பங்கு. அதாவது அந்த அரைக்கால் கயிற்றை இன்னும் மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் வருகிற அளவு. கயிறு ஆறு மடிப்பு மடியாது. அதனால் மேசிரி அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார். மூன்று, அரைக்கால், அறுபத்துநாலில் ஒன்று. மொத்தம் 201/64.

நான் கைபேசியில் வகுத்துப் பார்த்தேன். மறுபடி வகுத்தேன். முப்பது வருஷம் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட 22/7-ஐவிட இது உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. கொத்தனார்கள் கால் இஞ்சில் பாதியை ஒரு நூல் என்பார்கள். எட்டடிக் கிணற்றில் மேசிரியின் கயிறு ஒரு நூல்கூடத் தவறவில்லை.

“ஈரோட்டு டீச்சர், அந்த நோட்டைத் திறங்க” என்றார் கமலபாய் டீச்சர். “முதல் தடவ போன நாள்.”

திறந்தேன். டீச்சரின் பழைய கையெழுத்து. ‘தங்கய்யன் மேசிரி. கயிற்றை மடித்து மடித்து வைத்துக் கம்பி வெட்டுகிறார். கணக்கு எதுவும் சொல்லவில்லை. எண்களைக் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்கிறார்.’

நான் சத்தமாக வாசித்தேன். கலவை எந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

“கண்ணுக்கு முன்ன கணக்குப் போட்டுக் காட்டியிருக்காரு” என்றார் டீச்சர். “நான் கணக்குச் சொல்லுங்கண்ணு கேட்டுட்டு நிண்ணிருக்கேன்.” அழுதார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லார் முன்னாலும் அழுதார். விமலா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சிமெண்டு படிந்த கையால் அவர் முதுகைத் தடவினாள். டீச்சரின் வெள்ளை ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்தன.

அங்கே நின்றபடியே பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை ஆகாது, மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதுகிறோம் என்றேன். அந்தப் பக்கம் பதிப்பாளர் கத்தியதை இங்கே எழுத முடியாது. நானும் ஈரோட்டுக்காரி, ‘ங்க’ போட்டே திருப்பிக் கத்தினேன். கடைசியில் பதினைந்து நாள் கொடுத்தார்.

டீச்சர் முதல் வரியை உடனே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ‘தங்கய்யன் மேசிரியிடம் நான் தவறான கேள்வியைக் கேட்டேன், அவர் என்மேல் இரக்கப்பட்டு அதற்குப் பதில் சொன்னார்.’ அதை விமலாவுக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டோம். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். “பேரு முதல் வரியிலேயே வருதா?” என்றாள். வருகிறது என்றேன். “அப்பம் சரி” என்றாள்.

சாயா வந்தது, இந்த முறை தொண்டையில் இறங்கியது. டீச்சர் நோட்டின் கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார். விமலாவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“மக்கா, இது தவிர வேற ஏதாவது கணக்கு அப்பன் சொல்லித் தந்திருக்காரா?”

விமலாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. ரயில் அம்மாளிடமும் காபிக் கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் நான் பார்த்த அதே சிரிப்பு. வாய் ‘உ’ என்று குவிந்தது. டீச்சர் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. எந்த எண்ணையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெறுமனே காத்திருந்தார்.

விமலா டீச்சரின் ஈரக் கண்களைப் பார்த்தாள். குவிந்த வாயை மூடினாள். நன்றாக யோசித்தாள்.

“இல்ல டீச்சரே” என்றாள். “வேற ஒண்ணும் இல்ல.”

மூன்று நாளில், அந்த ஊரில், கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. டீச்சர் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.